நடுவுல இன்னா நடந்துது?

எங்கள் பயோகெமிஸ்ட்ரி மேடம் கேன்டீனில் டீ வாங்க மாட்டார். ஒரு டம்ளரில் பால், இன்னொரு டம்ளரில் வெறும் டிகாஷன், ஒரு காகிதத்தில் சர்க்கரை என்று மூன்றையும் தனித்தனியாக வாங்கி வந்து மேஜையில் வைத்து, அவரே கலந்துகொள்வார். கேன்டீன்காரர் முதலில் கோபப்பட்டார், பிறகு சிரித்தார், கடைசியில் அவர் தலையைப் பார்த்ததுமே மூன்றாக எடுத்துவைக்கப் பழகிவிட்டார். "பாலு நல்ல பாலுதான். டிகாஷனும் நல்லதுதான். ரெண்டும் சேர்ற எடத்துலதான் எனக்கு நம்பிக்கை இல்ல" என்பார் மேடம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கேன்டீன்காரர் கலந்து கொடுத்த டீயை உறிஞ்சிக்கொண்டிருப்பேன். என்னைப் பார்க்கிற பார்வையில் கொஞ்சம் இரக்கம் தெரியும்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற ரோட்டில், பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி உள்ளே போனால் வருகிற தனியார் கல்லூரி அது. நான் அங்கே கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தேன். என் லேபுக்கும் அவர் லேபுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு, அதில் ஒரு கதவு, அவ்வளவுதான். நான் பாட்டுக்கு அம்பத்தூரிலிருந்து வந்து, பாடம் எடுத்து, வீடு திரும்புகிற ஆள். யார் எப்படிப் போனால் எனக்கென்ன என்று இருந்தவளை இந்த அம்மாள் பக்கத்து லேபில் உட்கார்ந்துகொண்டு தூங்கவிடாமல் செய்தார். அந்தக் கல்லூரியை விட்டு வந்து சில வருஷங்கள் ஆகின்றன. இன்றைக்கும் டீக்கடையில் கண்ணாடி கிளாஸை வாங்கும்போது அவர் ஞாபகம் வந்து எரிச்சலாக இருக்கிறது.

அவர் லேபில் இருக்கிற ஒவ்வொரு பாட்டிலின் மேலும் பேனாவால் ஒரு கோடு இருக்கும். நேற்று சாயங்காலம் மருந்து எந்த மட்டத்தில் இருந்ததோ அந்த மட்டத்தில். காலையில் வந்ததும் பையைக்கூட வைக்காமல் குனிந்து குனிந்து கோடுகளைப் பார்ப்பார். தண்ணீர் கேன் போடுகிற பையன் வந்தால் கேனைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லி, மூடியில் பிளாஸ்டிக் சீல் முழுசாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். இருந்தால் சரி. சீல் இருந்துவிட்டால் அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். பிரித்த பொருள் என்றால்தான் அவருக்குச் சந்தேகம் வரும்.

எதற்கெடுத்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார். பட்டாபிராம் பக்கமிருந்து வருகிற மாணவி தாமதமாக வந்தால், "வீட்டை விட்டுக் கிளம்பிட்ட. இங்க வந்து சேர்ந்துட்ட. நடுவுல இன்னா நடந்துது?" சம்பளம் ஒருநாள் தள்ளி வந்தால், "மேனேஜ்மென்ட் போட்டாச்சுன்றாங்க. பேங்க்ல வரலைன்றாங்க. நடுவுல இன்னா நடந்துது?" படித்தவர்தான், பி.எச்.டி. வாங்கியவர்தான், வகுப்பில் ஆங்கிலமும் தமிழுமாகப் பொரிந்து தள்ளுவார். ஆனால் அந்தக் கேள்வி வரும்போது மட்டும் பாரிவாக்கத்துப் பேச்சு தன்னாலே வந்து ஒட்டிக்கொள்ளும்.

பாரிவாக்கத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்த பழைய குடும்பம் அவருடையது. இப்போது அந்த நிலத்தில் கல் நட்டு, கொடி கட்டி, பிளாட் போட்டு, வீடும் வந்துவிட்டது. விற்றபோது நடுவில் நின்ற புரோக்கர் அவர் அப்பாவை நன்றாக மொட்டையடித்துவிட்டான், அதனால்தான் இந்த அம்மாளுக்கு இப்படி ஒரு புத்தி என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தப் பக்கம் புரோக்கரிடம் ஏமாறாத குடும்பம் எது? அவர்களெல்லாம் கடைக்காரர் கலந்த டீயைத்தான் குடிக்கிறார்கள்.

அவருடைய சந்தேகம் என்னை ஒருமுறை காப்பாற்றியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் மத்தியானம் எனக்கு ஒரு போன் வந்தது. என் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது, அதில் ஏதோ தப்பான பொருள் இருக்கிறது, லைனில் இருங்கள், யாரிடமும் பேசாதீர்கள் என்று ஒருவன் இந்தி கலந்த தமிழில் அதட்டினான். நான் அவன் சொன்னபடியே லைனில் இருந்தேன். மேடம் என் முகத்தைப் பார்த்தார், போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார். ஒரு நிமிஷம் கேட்டார். பிறகு அச்சுத் தமிழில் ஆரம்பித்து அசல் பாரிவாக்கத்தில் முடித்தார்.

"அனுப்பினவர் பேரு சொல்லிட்டீங்க. வாங்கறவங்க பேரும் சொல்லிட்டீங்க. நடுவுல நீ யாருய்யா?"

அவன் போனை வைத்துவிட்டான். அன்றைக்கு அவருக்கு ஒரு பெட்டி ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். சீல் பிரிக்காத பெட்டியாகப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அவர் ஆராய்ச்சி செய்த விஷயமும் அவர் குணத்துக்குத் தகுந்ததாகவே இருந்தது. அல்லது அதையே வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்துத்தான் குணம் அப்படி ஆனதோ, தெரியவில்லை. பலகைத் தடுப்பு வழியாக அவர் பாடம் நடத்துவது எனக்கு வரிவரியாகக் கேட்கும். எத்தனை தடவை கேட்டேனோ, இன்றைக்கும் ஒப்பிப்பேன்.

"சாப்பிடற சர்க்கரை நல்லது. கடைசியா வர்ற சக்தியும் நல்லது. நடுவுல என்னென்ன வருதுன்னு பாரு. செல்லு சர்க்கரைய ரெண்டாப் பொளக்குது. பொளந்த துண்டு ரெண்டும் ஒரே மாதிரி இல்ல. ஒண்ண இன்னொண்ணா மாத்தணும். மாத்தறப்போ நடுவுல ஒரு நிலை வருது பாரு, அது ரொம்ப மோசமான நிலை. அது வெளிய நழுவிச்சுன்னா தன்கிட்ட இருக்கிற பாஸ்பேட்டைக் கழட்டிப் போட்டுட்டு மெத்தில்கிளையாக்ஸால்னு ஒரு விஷமா மாறிடும். புரதம் கெடச்சா புரதத்துல போய் ஒட்டிக்கும், டி.என்.ஏ. கெடச்சா அதுல ஒட்டிக்கும். ஒட்டினது வுடாது."

இந்த இடத்தில் நிறுத்துவார். பிறகு குரல் தாழும்.

"அதனால அந்த என்சைம் இன்னா பண்ணுது தெரியுமா? வேலை நடக்கிற வரைக்கும் ஒரு மூடி போட்டுக்குது. முடிஞ்சாத்தான் தொறக்குது. கைக்குழந்தைய ரயில்ல ஏத்தறப்போ பிளாட்பாரத்துல வச்சிட்டா ஏத்துவ? ஒருத்தர் கையிலேர்ந்து இன்னொருத்தர் கைக்குத்தான குடுப்ப? அப்படி."

மூடி போட்டும் கொஞ்சம் நழுவத்தான் செய்யுமாம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இன்னும் அதிகம் நழுவுமாம். அதற்கென்று செல் ஆள் வைத்திருக்கிறது. குளூட்டாதையோன் என்று ஒன்று போய் அந்த விஷத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு என்சைம்கள் வந்து, ஒன்று அந்தப் பிடியை முறுக்கி உருமாற்றும், இன்னொன்று விஷத்தைச் சாதுவான லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளிவிட்டு, பிடித்தவனை மறுபடி வேலைக்கு அனுப்பும். மேடம் ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்டை வளர்த்து, அதற்கு அளந்து அளந்து இந்த விஷத்தைக் கொடுத்து, எந்த அளவு வரை அந்தக் காவல் தாங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் அதற்காக ஒரு சின்ன ப்ராஜெக்டும் வாங்கியிருந்தார்.

அந்த லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற அட்டெண்டர் தனம். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வருவாள். அவள் மாமியார் காலம் வரை அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்குப் போன குடும்பம். கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் கான்ட்ராக்டில் போய்க்கொண்டிருந்தார். தனமும் கல்லூரிக்கு நேரடி ஆள் இல்லை. ஆவடியில் ஒரு ஏஜென்ஸி அனுப்பிவைத்த ஆள். ஃபிளாஸ்கைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து, "இன்னா மேடம், மூஞ்சி தெரிதா?" என்று என்னிடம் காட்டிவிட்டுத்தான் அடுக்கில் வைப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். என் லேபுக்கு அவளை மாற்றிக் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

முதல் ஒரு வருஷம் மேடத்தின் ஈஸ்ட் அவர் சொன்னபடி கேட்டது. குறைந்த அளவு விஷத்தைத் தாங்கியது, அதிக அளவில் செத்தது. பிறகு திடீரென்று ஒரு மாதம், குறைந்த அளவிலேயே எல்லாம் செத்துப்போக ஆரம்பித்தது. காவல் ஆள் இருக்கிற ஈஸ்டும் சாகிறது, காவலை எடுத்துவிட்ட ஈஸ்டும் சாகிறது. மேடம் மூன்று நாள் பாட்டில் பாட்டிலாகக் கோடுகளைப் பார்த்தார். நான்காம் நாள் கேன்டீனில் மூன்று டம்ளர்களுக்கு முன்னால் உட்கார்ந்து, என் பக்கம் சாய்ந்து, மெதுவாகச் சொன்னார்.

"ஃபிளாஸ்க் சிங்க்குக்குப் போறப்போ அழுக்கு. என் டேபிளுக்கு வர்றப்போ சுத்தம். நடுவுல தனம்."

"அதுக்கு?"

"கழுவற லிக்விட் கேன்ல கோடு போட்டு வச்சேன். ரெண்டு மடங்கு கொறையுது. வீட்டுக்கு எடுத்துக்கினு போறா. இங்க ப்ளீச்சிங் பவுடர் போட்டு அலசி வச்சிடறா. அது தங்கி என் ஈஸ்ட்ட சாவடிக்குது."

"நீங்க பாத்தீங்களா மேடம்?"

"அவ கையில ப்ளீச் வாசனை வருது."

"பாத்ரூமும் அவதான கழுவறா!" என்றேன். என் குரல் கேன்டீன்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உயர்ந்துவிட்டது. "செல்லு கூட விஷம் எதுன்னு பாத்துதான புடிக்குது? நீங்க வர்றவங்க போறவங்க எல்லாரையும் புடிக்கிறீங்க."

அவர் கோபப்படவில்லை. பாலில் டிகாஷனை ஊற்றிக்கொண்டே, "அது ஒண்ணும் பாக்கறதில்ல. வந்து மோதறதப் புடிக்கும். சும்மா இருந்தா செத்துடும்" என்றார். அவரோடு இந்த விஷயத்தில் வாதாட முடியாது. பாடம் முழுக்க அவர் பக்கம்.

அவர் எச்.ஓ.டி.யிடம் சொன்னது ஒரு வாக்கியம்தான் என்று பிறகு தெரிந்தது. கழுவுகிற லிக்விட் வெளியே போகிறது, வேறு ஆள் கொடுங்கள். எச்.ஓ.டி. ஏஜென்ஸிக்குப் போன் செய்தார். அவர் சொல்லும்போது அந்த வாக்கியத்தில் திருட்டு என்ற வார்த்தை சேர்ந்துகொண்டது. மறுநாள் தனம் வரவில்லை. ஏஜென்ஸி வேன் டிரைவர் அவள் தெரு ஆள், அவன் மூலமாகத் தெரு முழுக்கச் செய்தி போயிருந்தது. ஆவடியில் பாதி இடங்களுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ஸி அது. அங்கே திருடி என்று பெயர் வாங்கினால் வேறு இடத்தில் துடைப்பம் பிடிக்கக்கூடக் கூப்பிட மாட்டார்கள். தனத்தின் வேலையும் பெயரும் ஒரே சாயங்காலத்தில் போயின.

எனக்கு மேடத்தோடு பேசவே பிடிக்கவில்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால் ஈஸ்ட் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்தது. புது அட்டெண்டர் வந்தும் செத்தது. மேடமே ஃபிளாஸ்குகளை எட்டுத் தடவை கொதிக்கவைத்துக் கழுவியும் செத்தது. அடுத்து அவருடைய பார்வை பலகைத் தடுப்பைத் தாண்டி என் மேல் விழுந்தது.

"உங்க லேப்ல புரோமின் எப்பப்ப தொறக்கறீங்க?" என்று கேட்டார் ஒருநாள், அந்தப் புகை தடுப்பைத் தாண்டி வந்து ஈஸ்டைக் கொல்கிறதோ என்று. மறுநாள் நான் வந்தபோது, இரண்டு லேபுக்கும் நடுவே இருந்த கதவின் இடுக்கு முழுக்கச் செலோடேப் ஒட்டியிருந்தது. என் பக்கம் அல்ல, அவர் பக்கம். எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் என் பக்கம் ஒரு சுருள் டேப்பை ஒட்டித் தீர்த்தேன். ஒரு வாரம் இரண்டு பேரும் வராந்தாவில் எதிரெதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போனோம். அந்த வாரமும் ஈஸ்ட் செத்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவர் என் லேபுக்கு, கதவு வழியாக அல்ல, வராந்தாவைச் சுற்றி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"நீங்க இல்ல" என்றார்.

"ரொம்ப சந்தோஷம்."

"நானா இருக்கலாம். அளக்கறப்போ என் கை தப்புதான்னு எனக்கே தெரியல. ஒரு மத்தியானம் பக்கத்துல நின்னு என் கையையே பாக்கறீங்களா?"

அவர் அப்படிக் கேட்டதும் எனக்கு அந்த நிமிஷம் கோபம் எல்லாம் கொஞ்சம் இறங்கிவிட்டது. உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்படுகிறவர்கள் தங்களை மட்டும் விட்டுவிடுவார்கள். இந்த அம்மாள் தன்னையும் விடவில்லை. போனை ஒரு ஸ்டாண்டில் வைத்துத் தன் கையைத் தானே வீடியோ எடுத்துக்கொண்டு, நானும் பக்கத்தில் நிற்க, ஒவ்வொரு துளியாக அளந்தார். கை நடுங்கவில்லை. அளவு தப்பவில்லை. எனக்குத்தான் நின்று நின்று கால் மரத்துவிட்டது. எரிச்சலில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தனத்தைச் சந்தேகப்பட்டாச்சு, என்னையும் ஆச்சு, உங்களையும் ஆச்சு. அந்த விஷ பாட்டில் ஒண்ணுதான் பாக்கி."

"அது கம்பெனி சீல் இருந்துது. நான்தான் பிரிச்சேன்" என்றார், பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பிறகு திரும்பிப் பார்த்தார். பைப்பெட்டைக் கீழே வைத்தார்.

"மொத வருஷம் யூஸ் பண்ணது இது இல்ல" என்றார். "யுனிவர்சிட்டியில என் பழைய லேப்ல ஒரு குட்டி பாட்டில் குடுத்தாங்க. லேபிள் இல்ல, சீல் இல்ல. எனக்கு அதத் தொடவே பயமா இருந்துது. எப்படா புது பாட்டில் வரும்னு இருந்தேன்."

உடனே அந்தப் பழைய லேபுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியவர் சிரித்தபடியே சொன்னது எனக்கும் கேட்டது. கம்பெனியிலிருந்து வருகிற மெத்தில்கிளையாக்ஸாலை அப்படியே போடுவார்களா, அதில் ஃபார்மால்டிஹைடு கலந்திருக்குமே, நாங்கள் காய்ச்சி வடித்துத்தானே உனக்குக் கொடுத்தோம் என்றார். ஃபார்மால்டிஹைடு என்றால் விலங்கியல் லேபில் தவளையைப் போட்டு வைக்கிற அதே சரக்கு. ஈஸ்டின் காவல் ஆள் வேறு விஷத்துக்காகக் காத்துக்கொண்டிருக்க, இது மொத்தமாக உள்ளே போய் எல்லாவற்றையும் தீர்த்திருக்கிறது.

நான் என் லேபுக்கு அந்த பாட்டிலைக் கொண்டுபோய், ஃபார்மால்டிஹைடுக்குச் செய்கிற சோதனையைச் செய்தேன். அதற்கென்று உள்ள ஒரு அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால், அது இருக்கிற சரக்கு ஊதாவாகும். கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் கருத்துப்போனது. மறுநாள் மேடம் அந்தப் பழைய லேபில் காய்ச்சி வடித்து வாங்கி வந்ததில் நிறம் ஏறவே இல்லை என்று சொல்லலாம். அதை எடுத்துப் போய் மேடம் ஈஸ்டுக்குக் கொடுத்தார். திங்கட்கிழமை பார்த்தால் ஈஸ்ட் கலங்கிக் கலங்கி வளர்ந்திருந்தது. அவர் அந்த ஃபிளாஸ்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"தனம் வீடு உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

அன்றைக்கே சாயங்காலம் ஒரு ஆட்டோ பிடித்து முத்தாபுதுப்பேட்டைக்குப் போனோம். முன்பக்கம் காங்கிரீட்டும் பின்பக்கம் ஷீட்டும் போட்ட வீடு. தனம் வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

"தப்பு என் மேலதான் தனம்" என்றார் மேடம். "பாட்டில்ல கோளாறு. நீ ஒழுங்காத்தான் கழுவியிருக்க."

"அது எனுக்குத் தெரியும் மேடம். நான்தான கழுவுனேன்."

"லிக்விட் ரெண்டு மடங்கு கொறஞ்சுது. அதான் நான்..."

"ஒரு தபா கழுவாத, ரெண்டு தபா கழுவுன்னு யாரு சொன்னது? நீங்கதான சொன்னீங்க? ரெண்டு தபா கழுவுனா ரெண்டு பங்கு ஆவாதா?"

சொன்னது மேடம்தான். ஈஸ்ட் சாக ஆரம்பித்த முதல் வாரமே சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த இடத்தில் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

"கேன்ல கோடு போட்டீங்க. எனுக்குத் தெரியாதா? நான்தான் அந்தக் கோட்ட தினம் பாத்துகினு இருந்தேன். ஒரு வார்த்த, ஏன் தனம் கொறைதுன்னு என்னிய கேட்டீங்களா? சொல்லியிருப்பேன்ல. இப்ப ஏஜென்ஸில போனா, போ போன்றான். ரெண்டு ஊட்ல பாத்திரம் கழுவிகினு கீறேன். அந்த ஊட்டுக்காரம்மாக்கும் நாளிக்கு சேதி போவும்."

"நான் ஏஜென்ஸியில பேசறேன். எச்.ஓ.டி. கிட்டயும் பேசிட்டேன். நீ நாளைக்கே வந்துடு."

தனம் அவரைப் பார்த்தாள். பிறகு என்னையும் ஒருமுறை பார்த்தாள்.

"சரி மேடம். வர்றேன்னே வச்சிக்கோங்க. நாளிக்கு இன்னொரு சாமான் கெட்டுப்பூடுது. மொதல்ல யார நெனைப்பீங்க?"

நான் மேடத்தின் முழங்கையை அழுத்தினேன். யாரையும் நினைக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தனம் அதற்குத்தான் காத்திருக்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அது பொய்யாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். குழாயில் தண்ணீர் குடத்துக்கு வெளியே விழுந்துகொண்டிருந்தது. மேடம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், கணக்குப் போடுகிற மாதிரி.

"உன்னத்தான்" என்றார்.

தனம் சிரித்தாள். "கெமிஸ்ட்ரி மேடம், கேட்டுகினீங்களா?"

"ஆனா இந்தத் தடவ உன்ன வந்து கேப்பேன்" என்றார் மேடம் அவசரமாக.

"கேக்கறதுக்கு நான் அங்க இருக்க மாட்டேன் மேடம்" என்றாள் தனம், குழாயை மூடிவிட்டு.

மேடம் தலையை ஆட்டினார். வற்புறுத்தவில்லை. பிறகு தெருப்பக்கம் திரும்பினார். வகுப்பில்கூட அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "இவ ஒண்ணும் எடுக்கல. எடுத்தான்னு சொன்னது நான்தான். நான் சொன்னது தப்பு. எல்லாரும் கேட்டுக்கோங்க!" வேன் டிரைவரின் வீடு எது என்று கேட்டு, அங்கேயும் போய் நின்று அதையே சொன்னார். அவன் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, "சரி மேடம், சரி மேடம்" என்றான். அங்கிருந்தே ஏஜென்ஸிக்காரனுக்குப் போன் போட்டு, தனத்துக்கு வேறு நல்ல இடம் கொடுக்கிறேன் என்று அவன் வாயால் சொல்கிற வரைக்கும் வைக்கவில்லை. சொன்னபடியே அடுத்த மாதம் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை போட்டான். கல்லூரிக்கு அவள் திரும்ப வரவே இல்லை.

திரும்பும்போது ஆட்டோவில் நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். முடியவில்லை.

"ஒரே ஒரு பொய் சொன்னா இன்னா மேடம் கொறஞ்சு போவுது? அவ வந்திருப்பா."

"வந்திருப்பா. வந்தா நான் தெனம் அவ கையப் பாத்துக்கினே இருப்பேன். அவளும் நான் பாக்கறத பாத்துக்கினே இருப்பா."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வண்டிச் சத்தத்தில் அழுகிறாரா என்று தெரியவில்லை. அழுதார் என்றுதான் நினைக்கிறேன். எனக்கும் அவர் மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"அவ வரலன்னு சொன்னா பாருங்க, அப்ப எனக்கு இன்னா தோணிச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துது. அவ தப்பே பண்ணலன்னு தெரிஞ்சப்புறமும் அப்பாடான்னு இருந்துது. அதான் மேடம் எனக்கு பயமா கீது."